தொழுவத்துக்கும் மேய்ச்சலுக்கும் இடையே ஓட எந்த வண்டி?

ஒரு நாள் காலையில் எண்ணிப் பார்த்தேன். விடிந்ததில் இருந்து பத்து மணிக்குள் வண்டியில் இருந்து 31 முறை இறங்கி ஏறியிருந்தேன். கேட்டைத் திறக்க ஒருமுறை, வண்டியை உள்ளே விட்டபின் மூட ஒருமுறை. தண்ணீர்த் தொட்டியில் சிக்கிக்கிடந்த மிதவையை எடுத்துவிட, மின்வேலிக் கம்பி மேல் விழுந்திருந்த கிளையை இழுத்துப்போட, இரவில் ஈன்ற பசுவுக்கு நஞ்சுக்கொடி விழுந்துவிட்டதா என்று பார்க்க, இப்படியே போகிறது கணக்கு. வண்டி மொத்தமாக ஓடிய தூரம் ஏழு கிலோமீட்டர்கூட இல்லை.

விளம்பரத்தில் பண்ணைக்கென்று விற்கும் இந்தச் சின்ன வண்டிகள் சேற்றை வாரி இறைத்துக்கொண்டு மேடு தாண்டும். பண்ணையில் பாதி நேரம் சும்மா நிற்கும். மீதி நேரம் மூட்டையும் தண்ணீரும் ஏற்றிக்கொண்டு ஊர்ந்து போகும். அதனால் குதிரைத்திறனையும் உச்ச வேகத்தையும் நான் கடைசியில்தான் பார்ப்பேன். ஏறி இறங்க எளிதா, நம் சுமையைத் தாங்குமா, ஈரப் புல்சரிவில் சுமையோடு கட்டுக்குள் இறங்குமா, நின்றுபோனால் அன்றைக்கே கை வைக்க ஆள் உண்டா என்பவைதான் முதல் கேள்விகள்.

வண்டி பார்க்கப் போவதற்கு முன் ஒரு வாரத்துக்கு, எதை எவ்வளவு எங்கே கொண்டுபோகிறீர்கள் என்று ஒரு தாளில் குறித்து வையுங்கள். தீவன மூட்டை 25 அல்லது 50 கிலோ. சின்ன சதுர வைக்கோல் கட்டு 15 முதல் 25 கிலோ வரும். பிறந்த கன்று இனத்தைப் பொறுத்து 25 முதல் 40 கிலோ, அதுவும் உதைத்துக்கொண்டு. தண்ணீர் லிட்டருக்கு ஒரு கிலோ என்பது எல்லாருக்கும் தெரியும். ஆனால் 400 லிட்டர் தொட்டியை வண்டியில் தூக்கி வைக்கும்போது மட்டும் எப்படியோ மறந்துவிடுகிறது. கம்பெனித் தாளில் சுமை பற்றி இரண்டு எண்கள் இருக்கும். ஒன்று பின்தட்டு தாங்கும் எடை. இன்னொன்று ஓட்டுபவர், பக்கத்தில் இருப்பவர், பின்தட்டுச் சரக்கு எல்லாம் சேர்ந்த மொத்த எடை. விற்பவர் வாயில் பெரிய எண்தான் வரும். ஆட்களின் எடையைக் கழித்துவிட்டுப் பாருங்கள்.

குவாட் பைக்: மந்தைக்குப் பின்னால் போக மட்டும்

கைப்பிடி வைத்து, குதிரைமேல் உட்காருவதுபோல் காலை இரண்டு பக்கமும் போட்டு ஓட்டுகிற நாலுசக்கர வண்டிதான் குவாட். ஏடிவி என்றும் சொல்வார்கள். மந்தையை நகர்த்த இதை அடித்துக்கொள்ள வேறு வண்டி இல்லை. மாட்டுக்கு அதன் தோள்தான் திருப்புமுனை. தோளுக்குப் பின்னால் இருந்து நெருங்கினால் முன்னே நடக்கும், முன்னால் இருந்து நெருங்கினால் நின்று திரும்பும். அந்த இடத்துக்குச் சட்டென்று போய், சட்டென்று விலக குவாட் தோதானது. குறுகிய வழியில் நுழையும், சேற்றிலும் பெரிதாகச் சிக்காது, நின்ற இடத்திலேயே திரும்புகிற மாதிரி திரும்பிவிடும்.

ஆனால் சுமைக்கு அது ஆகாது. நடுத்தர குவாட் ஒன்றில் பின் ரேக் சுமார் 80 கிலோ தாங்கும், முன் ரேக் அதில் பாதி. இரண்டு மூட்டை ஏற்றியதுமே அதன் குணம் மாறிவிடும். உடம்பைச் சாய்த்து ஓட்டுகிற வண்டி அது. ஓட்டுபவரின் எடைதான் அதன் சமநிலை. மருந்து தெளிக்கும் தொட்டியைப் பின்னால் கட்டி, பாதி காலியான நிலையில் சரிவில் குறுக்கே போகும்போது உள்ளே தண்ணீர் ஒரு பக்கமாக அலைபாயும். தொட்டி நிறைந்திருப்பதைவிட அதுதான் ஆபத்து. புரண்டால் 300 கிலோ இரும்பு நம்மேல்தான் விழும்.

இந்த வண்டி வந்த வழியே ஒரு எச்சரிக்கை. 1970-இல் ஹோண்டா விற்ற முதல் மாடலுக்கு மூன்றே சக்கரம். விபத்துகள் குவிந்த பிறகு 1988-இல் அமெரிக்காவில் மூன்று சக்கர மாடல்களின் புது விற்பனை நின்றது. நாலாவது சக்கரம் வந்தும் புரள்வது நிற்கவில்லை. ஆஸ்திரேலியாவில் 2021 அக்டோபரில் இருந்து, பண்ணை வேலைக்கு விற்கும் குவாட்களில் புரண்டால் ஓட்டுபவரை நசுக்காமல் காக்கும் வளைவுக் கம்பி பொருத்தியிருக்க வேண்டும் என்று விதியாக்கிவிட்டார்கள். உங்கள் ஊரில் விதி இல்லை என்றாலும் குவாட் வாங்கினால் அந்தக் கம்பியோடு வாங்குங்கள். ஹெல்மெட்டும் அப்படித்தான். வீட்டில் பிள்ளைகள் இருந்தால் சாவியைத் தொழுவ ஆணியில் மாட்டி வைக்காதீர்கள்.

மேய்ச்சல் நிலம் பெரிது, மந்தையை அடிக்கடி மாற்றிக் கட்டுகிறீர்கள், சுமைக்கு ஏற்கெனவே வேறு வண்டி இருக்கிறது என்றால் குவாட் சரி. பண்ணைக்கு இருப்பதே ஒரு வண்டி என்றால் அது குவாட்டாக இருக்க வேண்டாம்.

இருவர் அமரும் யூடிவி: எஞ்சினைவிட கியரைப் பாருங்கள்

ஸ்டியரிங், பக்கத்துப் பக்கமாக இரண்டு மூன்று இருக்கை, தலைக்கு மேல் பாதுகாப்புக் கூண்டு, பின்னால் சாய்த்துக் கொட்டும் தட்டு. கவாசாகி 1988-இல் மியூல் என்ற பெயரில் இறக்கியது. மியூல் என்றால் கோவேறு கழுதை. வேலைக்கு ஏற்ற பெயர்தான். 1990-களில் ஜான் டீரின் கேட்டர் வந்தது, போலாரிஸின் ரேஞ்சர் வந்தது. இன்று முழு அளவு மாடல்கள் பெரும்பாலும் பின்தட்டில் 450 முதல் 500 கிலோ ஏற்றும். கூண்டு இருக்கிறது, சீட் பெல்ட் இருக்கிறது. சீட் பெல்ட்டைப் போட்டால்தான் கூண்டால் பயன் என்பதையும் சேர்த்துச் சொல்லிவிடுகிறேன். புரளும்போது வெளியே வீசப்படுபவர் மேல் அந்தக் கூண்டே விழுந்த கதைகள் உண்டு.

பல பேர் தப்பு பண்ணுகிற இடம் ஒன்று இருக்கிறது. நானும் பண்ணினேன். பெட்ரோலா டீசலா, எத்தனை சிசி என்று அலசி ஆராய்ந்துவிட்டு, அந்த எஞ்சினின் பலம் சக்கரத்துக்கு எப்படிப் போகிறது என்று கேட்காமல் வாங்கிவிட்டேன்.

யூடிவிகளில் பெரும்பாலானவை சிவிடி. இரண்டு கூம்புக் கப்பிகளுக்கு நடுவே ஒரு ரப்பர் பெல்ட். கப்பி விரிந்து சுருங்குவதால் வேகம் மாறும். ஓட்ட சுகம், கியர் மாற்றும் தொல்லை இல்லை. பெல்ட்டின் எதிரி சூடு. சுமையோடு ஊர்ந்து, நின்று, மறுபடி கிளம்பி என்று போகும்போது கப்பியில் பெல்ட் வழுக்கி வழுக்கிச் சூடேறும். பண்ணை வேலை முழுக்கவே அப்படித்தானே. நான் வாங்கியது விரைவுக்குப் பேர்போன வகை. தண்ணீர்த் தொட்டியோடு மேட்டு வயலுக்கு தினமும் ஏற்றினேன், அதுவும் ஹை கியரிலேயே. நாலாவது மாதம் ஒரு காலையில் எரிந்த ரப்பர் வாடை, அப்புறம் படபடவென்று சத்தம், அப்புறம் எதுவும் இல்லை. எஞ்சின் பாட்டுக்கு ஓடுகிறது, வண்டி அசையவில்லை. மெக்கானிக் மூடியைக் கழற்றி, நார் நாராகப் பிரிந்திருந்த பெல்ட்டைப் பிடுங்கிப் போட்டபடி, “வண்டி மேல தப்பு இல்லைங்க. நீங்கதான் வேலையை மாத்திக் குடுத்துட்டீங்க” என்றார். கோபம் வந்தது, ஆனால் அவர் சொன்னது சரி.

சிவிடி வேண்டாம் என்று இதற்கு அர்த்தம் இல்லை. சுமை ஏற்றினால், மெதுவாகப் போனால், மேடு ஏறினால் லோ கியர். இந்தப் பழக்கம் இருந்தால் பெல்ட் பல வருஷம் வரும். உபரி பெல்ட் ஒன்றும் அதைக் கழற்றும் சாவியும் இருக்கைக்கு அடியில் இருக்கட்டும். வாய்க்காலைக் கடக்கும்போது பெல்ட் பெட்டிக்குள் தண்ணீர் போகாத உயரம் எது என்று கையேட்டில் பார்த்து வையுங்கள். இன்னொன்று, சில சிவிடி வண்டிகளில் ஆக்ஸிலேட்டரை விட்டதும் எஞ்சின் பிடிப்பு விட்டுப்போய் இறக்கத்தில் வண்டி தானாக உருளும். அரை டன் தண்ணீரோடு பிரேக்கை மட்டும் நம்பி இறங்குவது நெஞ்சைப் பிடித்துக்கொள்கிற வேலை. எஞ்சின் பிரேக்கிங் உள்ள மாடலா என்று கேட்டு, ஓட்டியும் பார்க்க வேண்டும்.

இரண்டாவது வகை ஹைட்ரோஸ்டாட்டிக். எஞ்சின் ஒரு பம்பைச் சுற்றும், பம்பு எண்ணெயை அழுத்தி ஒரு மோட்டாரைச் சுற்றும், அதுதான் சக்கரத்தை ஓட்டும். பெல்ட்டே கிடையாது. குபோட்டா தன் டீசல் ஆர்டிவி வரிசையில் இதைத்தான் வைத்திருக்கிறது. ஆர்டிவி எக்ஸ்900-ஐ எடுத்துக்கொண்டால் மூன்று சிலிண்டர் டீசல், இருபது சொச்சம் குதிரைத்திறன், உச்ச வேகம் மணிக்கு 40 கிலோமீட்டர் அளவில். கேட்கவே அலுப்பாக இருக்கும். ஆனால் மிதியில் இருந்து காலை எடுத்தால் இறக்கத்திலும் தானே வேகம் குறையும், ஒரு அடி ஒரு அடியாக நகர்த்தி வரிசைத் தொட்டிகளில் தீவனம் கொட்டலாம். குறைகளும் உண்டு. கனம் அதிகம், ‘ங்ஙீ’ என்று ஓயாத இரைச்சல், குறித்த மணி நேரத்தில் எண்ணெயும் ஃபில்டரும் மாற்றியே ஆக வேண்டும். அந்தச் செலவைத் தள்ளிப்போட்டால் பிறகு பம்பு பழுதாகி மொத்தமாக வாங்கிவிடும்.

மூன்றாவது, காரில் இருப்பதுபோல் பல்சக்கர கியர். ஹோண்டா பயனியரில் இந்த வழி; அதில் பயனியர் 1000 என்ற மாடலில் இரட்டை கிளட்ச் வைத்துத் தானாக மாறும் கியர். பெல்ட் இல்லாமல் கொஞ்சம் வேகமும் வேண்டும் என்பவர்களுக்கு இது பொருந்தும்.

என் தேர்வைக் கேட்டால், தினமும் 200 கிலோவுக்கு மேல் சுமை, நிலத்தில் ஏற்ற இறக்கம் என்றால் கண்ணை மூடிக்கொண்டு ஹைட்ரோஸ்டாட்டிக் டீசல்தான். டிராக்டருக்கு வைத்திருக்கும் அதே டீசலை இதற்கும் ஊற்றலாம் என்பதும் சின்ன சௌகரியம் இல்லை. சமநிலம், தூரம் அதிகம், சுமை குறைவு என்றால் சிவிடி போதும்.

எந்த வகையானாலும் ஒரு வசதி கட்டாயம் பாருங்கள்: பின் டிஃபரன்ஷியலை, அதாவது இரண்டு பின்சக்கரமும் வெவ்வேறு வேகத்தில் சுற்ற விடும் பல்சக்கரப் பெட்டியை, பூட்டவும் விடவும் முடிய வேண்டும். சேற்றில் பூட்டினால்தான் இரண்டு சக்கரமும் சேர்ந்து இழுக்கும். காய்ந்த புல்தரையில் பூட்டிய நிலையிலேயே திரும்பினால் டயர் புல்லைச் சுரண்டி எடுத்துவிடும். மாட்டுக்கு வைத்திருக்கிற புல்லை வண்டிக்குப் போடுவதுபோல் ஆகிவிடும்.

ஜப்பானியக் குட்டி லாரி

எனக்கு இதன்மேல் ஒரு பாசம் உண்டு என்று முன்கூட்டியே ஒப்புக்கொள்கிறேன். ஜப்பானில் ‘கெய்’ என்ற சிறுவண்டி வகுப்புக்கு அளவுக்கட்டு உண்டு. 3.4 மீட்டருக்கு மேல் நீளம் கூடாது, 1.48 மீட்டருக்கு மேல் அகலம் கூடாது, எஞ்சின் 660 சிசியைத் தாண்டக் கூடாது, சுமை 350 கிலோ. அந்தக் கட்டுக்குள் சுசுகி கேரி, டைஹாட்சு ஹைஜெட் போன்ற வண்டிகள் 1960-களின் தொடக்கத்தில் இருந்தே உழவர்களுக்காக ஓடுகின்றன. கட்டுகள் காலத்துக்குத் தகுந்தாற்போல் விரிந்தன. 660 சிசி என்பது 1990-இல் வந்தது. நாலு சக்கர இழுவை, லோ கியர், டிஃபரன்ஷியல் பூட்டு எல்லாம் உள்ள உழவர் மாடல்களும் உண்டு.

இதன் அழகு பின்தட்டில். இரண்டு பக்கமும் பின்னாலும் பலகை கீழே மடங்கும். மூட்டையை எந்தப் பக்கத்தில் இருந்தும் இடுப்பளவில் தள்ளி ஏற்றலாம். கிட்டத்தட்ட இரண்டு மீட்டர் நீளத் தட்டு, யூடிவித் தட்டைவிடப் பெரிது. மேலே கூரை, கண்ணாடி, மழை வந்தால் நனையாத இருக்கை. கார் மாதிரியே கட்டியது என்பதால் சாதாரண கார் மெக்கானிக் கை வைப்பார்.

குறை என்னவென்றால் தரைக்கும் வயிற்றுக்கும் உள்ள இடைவெளி. யூடிவியில் 25 முதல் 30 செ.மீ. கிடைக்கும், இதில் 16 செ.மீ. அளவுதான். மாட்டுக் குளம்பு மிதித்துக் குழிகுழியாகக் காய்ந்த கேட்டு வாசலில் அடிவயிறு உரசும். சன்னமான டயர் சேற்றில் புதையும். போட்ட பாதை இருக்கிற பண்ணைக்கு, பால் கேனும் தீவனமும் ஏற்றிக்கொண்டு அவ்வப்போது சாலையிலும் ஏற வேண்டியவர்களுக்கு இது யூடிவியைவிட நல்ல தேர்வு. ஒன்று மட்டும்: உங்கள் நாட்டில் இதைச் சாலையில் ஓட்ட அனுமதி உண்டா, உதிரிப்பாகம் எத்தனை நாளில் வரும் என்று வாங்குவதற்கு முன் விசாரியுங்கள். பழையதாக இறக்குமதி ஆகிற வண்டிகளில் மாடல் வருஷத்துக்கு வருஷம் பாகம் மாறும்.

பிக்அப், டிராக்டர் பற்றி நிறையச் சொல்ல ஒன்றும் இல்லை. சந்தைக்கு மாட்டை ட்ரெய்லரில் இழுத்துப்போக பிக்அப் வேண்டும். கேட்டுக்கு கேட்டு ஏறி இறங்க அது பெரிது, ஈர நிலத்தில் தடம் பதித்துவிடும். 300 கிலோவைத் தாண்டும் உருளை வைக்கோல் கட்டைத் தூக்க டிராக்டரும் முன்கரண்டியும்தான் வழி, யூடிவி தலைகீழாக நின்றாலும் முடியாது. இரண்டும் ஏற்கெனவே இருந்தால், அவை செய்யாத வேலைக்கு மட்டும் சின்ன வண்டி வாங்குங்கள்.

மின்சார வண்டி

கிண்டல் பண்ணிக்கொண்டிருந்தவன் நான். ஈற்று நேரத்தில் இரவு சுற்றுக்கு நண்பர் ஒருவரின் மின்சார யூடிவியில் போன பிறகு வாயை மூடிக்கொண்டேன். டயருக்கு அடியில் புல் நொறுங்குகிற சத்தம்தான். இருட்டில் ஒரு கிடேரி முக்குவது காதில் விழுந்து, விளக்கைத் திருப்பிப் பார்த்தோம். டீசலில் போயிருந்தால் அதைத் தாண்டிப் போயிருப்போம். படுத்திருந்த மற்ற மாடுகள் எழுந்திருக்கவே இல்லை.

போலாரிஸின் ரேஞ்சர் எக்ஸ்பி கைனெடிக் 14.9, 29.8 கிலோவாட் மணி என இரண்டு பேட்டரி அளவில் வந்தது. ஒரு சார்ஜில் சுமார் 72, 129 கிலோமீட்டர் என்பது கம்பெனிக் கணக்கு. சுமையும் சேறும் குளிரும் சேர்ந்தால் இது நன்றாகவே குறையும். ஆனால் நம் காலை வேலை ஏழு கிலோமீட்டர்தானே. பாதியாகக் குறைந்தாலும் தாங்கும். பெல்ட் இல்லை, எஞ்சின் எண்ணெய் இல்லை, நின்று நின்று கிளம்புவது அதற்கு ஒரு பொருட்டே இல்லை. இடிக்கிற இடம், பழுதானால் யார் பார்ப்பது என்பதுதான். டீசலைத் தட்டிக் கொட்டி ஓட வைக்க அக்கம்பக்கத்தில் ஆள் இருப்பார். மின்கட்டுப்பாட்டுப் பெட்டிக்கு கம்பெனி ஆள் வர வேண்டும். அவர் பக்கத்தில் இருக்கிறார், தொழுவத்தில் நம்பகமான மின்சாரமும் இருக்கிறது என்றால் தைரியமாக யோசிக்கலாம்.

வண்டியைக் கொல்வது ஓட்டம் இல்லை

பண்ணை வண்டி கிலோமீட்டரால் தேய்வது குறைவு. மூத்திரமும் சாணமும் சேர்ந்த ஈரம் இரும்பை அரித்துத் தின்னும், அதிலும் தட்டுக்கு அடியில், கண்ணுக்குத் தெரியாத மூலைகளில். இரும்புத் தட்டைவிட வலுவான பிளாஸ்டிக் தட்டு இதற்கு நல்லது. நெளிவு விழாது, துருவும் ஏறாது. வைக்கோல் தூசி ஏர் ஃபில்டரையும் ரேடியேட்டரையும் அடைக்கும். எஞ்சின் சூடேறுகிறது என்று வருகிற வண்டிகளில் ரேடியேட்டர் வலையில் உமி ஒரு போர்வையாக அப்பியிருப்பதைப் பார்க்கலாம். புகைக்குழாய்ப் பக்கம் சேரும் காய்ந்த புல் தீப்பிடிக்கும், இதை லேசாக எடுத்துக்கொள்ளாதீர்கள். தீவன வாடைக்கு வரும் எலி வயரைக் கடிக்கும். அதனால் வாங்கும்போதே பாருங்கள்: ஏர் ஃபில்டர் உயரத்தில், கையால் கழற்றுகிற இடத்தில் இருக்கிறதா? அடித்தகடு கழன்று வருமா? தண்ணீர்க் குழாயைப் பிடித்தால் எல்லா மூலையும் கழுவுமா? கழுவுவது துருவுக்காக மட்டும் இல்லை. நோய்க்கொட்டிலில் ஓடிய டயரோடு கன்றுப் பட்டிக்குள் நுழைந்தால் நோயையும் நாமே ஏற்றிக்கொண்டு போகிறோம்.

பழைய வண்டி என்றால் கிலோமீட்டரை விட்டுவிட்டு, எஞ்சின் எத்தனை மணி நேரம் ஓடியது என்று காட்டும் மணி மீட்டரைப் பாருங்கள். மீட்டர் 400 மணி காட்டி, பிரேக் மிதியின் ரப்பர் வழவழவென்று தேய்ந்திருந்தால் மீட்டர் பொய் சொல்கிறது. காலையில் எஞ்சின் சூடாகும் முன்பே போய்ச் சேருங்கள். நாம் வருவதற்குள் ஸ்டார்ட் பண்ணிச் சூடாக்கி வைத்திருந்தால் நான் கொஞ்சம் சந்தேகப்படுவேன். சக்கரத்தை மேலும் கீழும் பிடித்து ஆட்டினால் பேரிங் ஆட்டம் தெரியும். பின்தட்டைத் தூக்கி அடியில் ஸ்க்ரூட்ரைவரால் குத்திப் பாருங்கள்.

இன்னொரு விஷயம், கேட்டால் சிரிப்பீர்கள். தீவனம் கொண்டுவரும் வண்டியின் சத்தத்தை மாடு இரண்டே வாரத்தில் படித்துக்கொள்ளும். அப்புறம் அந்த வண்டியில் போய் மந்தையை விரட்ட முடியாது. நாம் விரட்ட விரட்ட அது வண்டியைச் சுற்றிக்கொண்டு நிற்கும். எங்களிடம் இப்போது விரட்டுவதே இல்லை. யூடிவியில் காலி மூட்டை ஒன்றைப் போட்டுக்கொண்டு முன்னால் போனால், கூட்டம் பின்னாலேயே அடுத்த வயலுக்கு வந்துவிடுகிறது. குவாட்டை விற்றுவிட்டோம்.

கடைசியாக, வண்டியைக் கடை வாசலில் ஓட்டிப் பார்த்து முடிவு செய்யாதீர்கள். பண்ணைக்குக் கொண்டுவரச் சொல்லுங்கள். உங்கள் மூட்டைகளை ஏற்றுங்கள், தண்ணீர்த் தொட்டியையும் பாதி நிரப்பி வையுங்கள். உங்கள் நிலத்திலேயே மோசமான சரிவு எது என்று உங்களுக்குத் தெரியும். அது கையேட்டில் சொன்ன சாய்வுக்குள் வருகிறதா என்று பார்த்துவிட்டு அங்கே இறங்குங்கள். பல யூடிவிகளுக்கு 15 டிகிரிதான் எல்லை. பாதியில் நிறுத்துங்கள், பின்னால் எடுங்கள், மறுபடி ஏற்றுங்கள். அப்புறம் சேறு ஒட்டிய பூட்ஸோடு ஒரு பத்து இருபது தடவை இறங்கி ஏறுங்கள். விற்க வந்தவர் கடிகாரத்தைப் பார்க்க ஆரம்பிப்பார், பார்க்கட்டும். முட்டி எந்தப் பிடியில் இடிக்கிறது என்று பன்னிரண்டாவது தடவைதான் தெரியும்.